58 மீட்டர்: ஆனைமுடியும் கிளிமஞ்சாரோவும்

(நெடிய பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

போட்டித் தேர்வு வழிகாட்டி நூல்களில் இரண்டு வினாக்கள் தவறாமல் இடம்பெறும். ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை எது? கிளிமஞ்சாரோ, 5,895 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் எது? ஆனைமுடி, 2,695 மீட்டர். இரண்டு விடைகளும் சரியானவை. ஆயினும் அவ்விரு வரிகளுக்குப் பின்னால் ஒரே வகையான வரலாறு மறைந்து கிடக்கிறது என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை.

கிளிமஞ்சாரோ என்ற பெயரைத் தமிழகத்தின் சிற்றூர்களுக்கும் கொண்டுசேர்த்தது 2010ஆம் ஆண்டு வெளிவந்த ‘எந்திரன்’ திரைப்படப் பாடல். அந்தப் பாடல் படமாக்கப்பட்டதோ தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரில், பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில். பெயர் ஒரு கண்டத்திலும் மலை வேறொரு கண்டத்திலுமாக அமைந்த அந்தக் காட்சியைக் குறை சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. மலையின் பெயர் மலையை விட்டு எவ்வளவு எளிதாகப் பிரிந்து சென்றுவிடுகிறது என்பதற்கு அது நல்ல சான்று.

ஒரு மலை ‘மிக உயர்ந்தது’ ஆவதற்கு நான்கு பதிவுகள் தேவைப்படுகின்றன: அதை யாரேனும் அளந்து எழுத வேண்டும், அதற்கு ஒரு பெயரை நிலைநிறுத்த வேண்டும், அதன் உச்சியில் முதலில் ஏறியவர் இன்னார் எனக் குறிக்க வேண்டும், அது எந்த எல்லைக்குள் நிற்கிறது என்பதை வரைய வேண்டும். இந்த நான்கும் கிளிமஞ்சாரோவுக்கு நேர்ந்த விதத்தையும் ஆனைமுடிக்கு நேர்ந்த விதத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இப்பதிவின் நோக்கம்.

அளவுகோல் வருவதற்கு முன்னர் இருந்த நிலையை முதலில் நோக்குவோம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தாலமி தம் புவியியல் நூலில் நைல் ஆற்றின் தோற்றுவாயாக ‘நிலவின் மலைகள்’ என்றொரு தொடரைக் குறித்தார். அதே நூலில் தென்னிந்தியப் பகுதியில் ‘பெத்திகோ’ என்றொரு மலையும் இடம்பெறுகிறது. அதைப் பொதிகை என்று கால்டுவெல் உள்ளிட்டோர் அடையாளம் கண்டனர். ஆக, ஆப்பிரிக்க மலையும் தமிழ் மலையும் ஐரோப்பிய வரைபடத்தில் ஒரே கையால் குறிக்கப்பட்டிருக்கின்றன. தாலமி இரண்டையும் கண்டவரல்லர். மாலுமிகளும் வணிகர்களும் சொன்னதைக் கேட்டு எழுதியவர்.

பொதிகையின் உச்சியாகிய அகத்தியமலையின் உயரம் 1,868 மீட்டர். தொட்டபெட்டாவைவிட ஏறத்தாழ 770 மீட்டர் தாழ்ந்தது. ஆனால் பழந்தமிழர் மனத்தில் அதற்கு நிகரான மலை தெற்கே இல்லை. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு பொதியத்தை இமயத்தோடு இணையாக நிறுத்துகிறது. பாண்டியனின் மலை, அகத்தியரின் மலை, பொருநை பிறக்கும் மலை என்ற சிறப்புகளே அதன் உயரம். கிக்கூயு மக்களுக்குக் கிரிந்யாகா எனப்படும் கென்ய மலையும் அவ்வாறே. அது அவர்களுடைய கடவுளாகிய ங்காய் வீற்றிருக்கும் இடம். கிளிமஞ்சாரோவைவிட அது சுமார் 700 மீட்டர் தாழ்ந்தது என்ற செய்தி அந்த நம்பிக்கையில் எதையும் மாற்றிவிடவில்லை. ‘உயர்ந்த’ என்னும் சொல் தமிழில் உயரத்தையும் மேன்மையையும் ஒருசேரக் குறிப்பது. அவ்விரு பொருளும் பிரிந்து, ஒன்று மட்டும் எண்ணாக மாறிய காலத்தையே இனிக் காணப்போகிறோம்.

தென்னிந்தியாவைப் பொறுத்தவரை அந்தக் காலம் பெங்களூருவில் தொடங்கியது. 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அந்தப் போரில் பங்கேற்ற வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி, தீபகற்பத்தைக் கடற்கரைக்குக் கடற்கரை முக்கோண முறையில் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1800 அக்டோபர் 14 முதல் டிசம்பர் 10 வரை பெங்களூருவில் அவர் தம் முதல் அடிக்கோட்டை அளந்தார். கையில் இருந்த முதன்மைக் கருவி 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த சங்கிலி அது.

முறை எளிது, உழைப்பு பெரிது. சமவெளியில் ஒரு கோட்டை அங்குலம் பிசகாமல் அளந்துகொள்ள வேண்டும். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களைக் கணிக்க வேண்டும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் ஏனைய பக்கங்கள் கணக்கில் கிடைத்துவிடும். அப்படிக் கிடைத்த பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதன்மேல் இன்னொன்று. மலையின் தொலைவு தெரிந்தபின் அதன் உச்சியை நோக்கிய ஏற்றக்கோணத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கலாம். புவியின் வளைவுக்கும், காற்றில் ஒளி வளைவதற்கும் திருத்தம் செய்ய வேண்டும். மலையில் ஏறாமலேயே மலையை அளக்கும் கலை இது.

1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையை ஒரு முனையாகக் கொண்டு சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டின் அளவீடு தொடங்கியது. அங்கிருந்து முக்கோணங்கள் மேற்கு நோக்கி வளர்ந்து 1804இல் மீண்டும் பெங்களூருவை அடைந்தபோது, கணக்கில் கிடைத்த நீளத்தையும் தரையில் அளந்த நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். பல மைல் நீளக் கோட்டில் வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு. கோணங்களைக் காணப் பயன்பட்ட பெரிய தியோடலைட்டு கருவி ஏறத்தாழ அரை டன் எடையுடையது. இங்கிலாந்திலிருந்து வந்த வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரீசியசுக்குக் கொண்டுபோகப்பட்டு, பின்னர் அவர்களாலேயே மரியாதையுடன் திருப்பி அனுப்பப்பட்டது. 1808இல் அதே கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் தாமே வாரக்கணக்கில் அமர்ந்து சீர்செய்தார். உயர்ந்த மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களே அவருக்கு மலைகளாயின.

இந்த அளவீடு இன்றியமையாதது ஏன் என்பதற்கு இப்பதிவின் தலைப்பே விடை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். வேறுபாடு 58 மீட்டர். இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. நேர்கோட்டில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர் இடைவெளி. இந்த 58 மீட்டரை எந்தக் கண்ணும் காண இயலாது. நீலகிரியில் வாழ்ந்த தோடரோ படகரோ, ஆனைமலைப் பகுதியில் வாழ்ந்த முதுவரோ தத்தம் மலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவையும் எழவில்லை. இரண்டு மலைகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க விரும்பிய ஓர் அரசுக்கே அந்தத் தேவை எழுந்தது. வரி, படை, பாதை ஆகியவற்றுக்காக வரையப்பட்ட தாள் அது.

கிளிமஞ்சாரோவுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 1848 மே 11 அன்று யோகன்னஸ் ரெப்மான் என்ற செருமானிய மதபோதகர் அதன் வெண்முடியைக் கண்டார். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் பனியா என்று லண்டனில் ஐயம் எழுந்தது. ஆப்பிரிக்காவில் கால்வைத்தறியாத புவியியலாளர் வில்லியம் கூலி, ரெப்மான் கண்டது பனியன்று என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டார். 1861இல் டெக்கன் என்ற செருமானியரும் தோர்ன்டன் என்ற ஆங்கிலேய நிலவியலாளரும் கருவிகளுடன் சென்று அளந்த பின்னரே வாதம் தளர்ந்தது. மலையடியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த சாகா மக்களின் சொல் அந்த விவாதத்தில் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

அந்தக் கதையில் மொழியியல் மாணவர்களுக்கு விருப்பமான ஒரு துணுக்கு உண்டு. வெள்ளையாகத் தெரிவது என்ன என்று ரெப்மான் வினவியபோது, அவருடைய வழிகாட்டி ‘குளிர்’ என்று பொருள்படும் சுவாகிலிச் சொல்லையே விடையாகச் சொன்னார். அதை அறியாமை என்று கொள்ளலாகாது. கடற்கரை மொழியில் உறைபனிக்குத் தனிச்சொல் புழங்காத நிலையில், தொட்டால் என்ன உணர்வு உண்டாகுமோ அதைப் பெயராக்கினார். தமிழிலும் ‘பனி’ என்ற ஒரு சொல்லே புல்நுனித் துளியையும் மார்கழி மூட்டத்தையும் இமயத்து உறைபனியையும் குறிக்கிறது. வழிகாட்டி சொன்னது முழு உண்மை. லண்டன் அறிஞர் சொன்னதே பிழை.

இனிப் பெயர்களுக்கு வருவோம். தொட்டபெட்டா என்பது படகமும் கன்னடமும் அறிந்தவர்க்கு எளிய தொடர்: பெரிய மலை. ‘தொட்ட’ என்னும் அடை கன்னட நாட்டில் எப்போதும் ஓர் இணையை நினைவூட்டும். நான் வசிக்கும் பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலையில் தெற்கே சென்றால் தொட்டதோகூரும் சிக்கதோகூரும் வரும். பெரியது என்றால் பக்கத்திலுள்ள சிறியதைவிடப் பெரியது என்பதே கருத்து. ஆகவே ‘பெரிய மலை’ என்று பெயரிட்டவர்கள் தம் கண்ணுக்கு எட்டிய மலைகளுள் பெரியதைச் சுட்டினார்கள். அந்தப் பெயரில் பொய்யும் இல்லை; உலக அளவிலான போட்டியும் இல்லை. அதன் அருகிலேயே உதகையின் மற்றொரு குன்றுக்கு ஆங்கிலேயர் ‘ஸ்னோடன்’ என்று பெயரிட்டனர். அது வேல்ஸ் நாட்டு மலையின் பெயர். ஒரு பெயர் நிற்கும் இடத்திலிருந்து பிறந்தது. மற்றொன்று ஊர் நினைவிலிருந்து வந்தது.

ஆனைமுடியின் பெயரில் ‘யானை’ என்பது ‘ஆனை’ என்று நிற்கிறது. மலையாளத்தில் அது ‘ஆன’ ஆகும். ‘முடி’ என்பது தலைக்கும் மகுடத்துக்கும் மலையுச்சிக்கும் பொதுவான சொல். யானையின் தலைபோல் உருண்டு திரண்ட அதன் தோற்றத்தைக் கண்டவர்க்கு விளக்கம் தேவையில்லை.

கிளிமஞ்சாரோவின் பெயரோ அவ்வளவு எளிதில் பிடிபடுவதன்று. சுவாகிலியில் மலைக்கு ‘ம்லிமா’ என்பது சொல். ‘கிலிமா’ என்றால் சிறுகுன்று. ‘கி’ என்னும் முன்னொட்டு சிறுமைப் பொருள் தருவது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய மலை ‘சிறுகுன்று’ என்று தொடங்கும் பெயரைப் பெற்றது எவ்வாறு? ‘வழிச்செல்வோர் கூட்டத்தை வென்றது’ என்ற பொருளுடைய சாகா மொழித் தொடர் ஒன்று, கடற்கரை வணிகர் நாவில் பழகிய சொல்லாக உருமாறியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. வேறு கருத்துகளும் உண்டு. எதுவும் முடிந்த முடிபன்று. சாகா மக்கள் தம் அன்றாடப் பேச்சில் கீபோ, மாவென்சி என்று இரு சிகரங்களையும் தனித்தனியே அழைத்தனர். முழு மலைக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது தொலைவிலிருந்து நோக்கியவர்களுக்கே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு கிளிமஞ்சாரோவில் கிளியையும் மஞ்சளையும் தேடுவதும், தான்சானியாவிலுள்ள 4,500 மீட்டருக்கு மேற்பட்ட மேரு மலையை நம் புராண மேருவோடு உறவாக்குவதும் ஆய்வாகா. அந்த மேரு என்னும் பெயர் அங்கு வாழும் மக்களின் பெயரோடு சேர்ந்தது. பெயராய்வில் காலச்சான்றே முதன்மையானது. பெங்களூரு என்ற பெயருக்கு ‘வெந்த அவரை ஊர்’ என்று பொருள் சொல்லி, அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டு ஹொய்சள மன்னன் வீர பல்லாளனோடு இணைக்கும் கதை யாவரும் அறிந்தது. பொம்மனஹள்ளிக்கு அண்மையிலுள்ள பேகூர்க் கோயிலின் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டினது, பெங்களூரு என்ற பெயரை அப்போதே குறிப்பிடுகிறது. மன்னன் அவரை உண்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊர் தன் பெயரைப் பெற்றுவிட்டது. கதை இனிது, கல் வலிது.

கென்யா என்ற பெயர் வந்த வழியோ தெளிவாகவே தெரிகிறது. 1849 டிசம்பரில் லூட்விக் கிராப்ஃப் என்ற மதபோதகர் காம்பா மக்களின் நாட்டிலிருந்து அம்மலையைக் கண்டார். கிக்கூயு மொழியின் ‘கிரிந்யாகா’, காம்பா ஒலிப்பில் ரகரத்தை இழந்திருந்தது. அவர் தாம் கேட்டவாறு எழுதினார். அண்டைவீட்டார் நாவில் திரிந்து, அயலவர் எழுத்தில் உறைந்த அவ்வடிவமே மலைக்கும், பின்னர் ஒரு நாட்டுக்கும் பெயராயிற்று. கிராப்ஃப் சுவாகிலிக்கு இலக்கணமும் அகராதியும் தொகுத்தவர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மதப்பணிக்கு வந்து மொழிப்பணியில் ஆழ்ந்த கால்டுவெல்லுக்கு அவர் ஒருவகையில் சமகாலத் தோழர்.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856ஆம் ஆண்டிலேதான், இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரத்துக்கு எவரெஸ்ட் என்ற பெயர் முன்மொழியப்பட்டது. லாம்டன் தொடங்கிய முக்கோணங்களே வடக்கே வளர்ந்து அங்குச் சென்றடைந்தன. கணக்கிட்டவர்களுள் முதன்மையானவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். ஜார்ஜ் எவரெஸ்ட்டே தம் பெயரை அந்நாட்டு மக்கள் உச்சரிக்கவும் எழுதவும் இயலாது என்று தயங்கினார். சோமோலுங்மா என்ற திபெத்தியப் பெயர் ஏற்கெனவே வழங்கிவந்தது. ஆப்பிரிக்காவிலும் இதே முறை தொடர்ந்தது. கிளிமஞ்சாரோவின் உச்சி செருமானியப் பேரரசர் வில்லெம் பெயரைப் பெற்றது. 5,109 மீட்டர் உயர ருவென்சோரிச் சிகரத்துக்கு 1906இல் இத்தாலிய அரசி மார்கரிட்டாவின் பெயர் இடப்பட்டது. கென்ய மலையின் உச்சிகளுக்கோ 1899இல் ஏறிய ஆங்கிலேயர் மாக்கிண்டர், மாசாய்ச் சமயத் தலைவர்களின் பெயர்களைச் சூட்டினார்; மலையைக் கடவுளின் இருக்கையாகப் போற்றிய கிக்கூயு மக்களை அவர் கேட்கவில்லை. இவற்றுள் திரும்பப் பெறப்பட்டது ஒன்று. 1961 டிசம்பரில் தாங்கனிக்கா விடுதலை பெற்றபோது பேரரசரின் பெயர் நீங்கி, உச்சி ‘ஊகூரு’ ஆயிற்று. சுவாகிலியில் அதன் பொருள் விடுதலை. ஆனைமுடி இவ்வகையில் பேறு பெற்றது. எந்த ஆளுநரின் பெயரும் அதன்மேல் ஒட்டவில்லை.

மூன்றாவது பதிவு, முதல் ஏற்றம். ஆனைமுடியின் உச்சியை அடைந்ததாகப் பதிவு பெற்ற முதல் மனிதர் சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன். நாள் 1862 மே 4. ‘பதிவு பெற்ற’ என்ற அடையை விட்டுவிட்டால் அந்தத் தொடர் பொய்யாகிவிடும். அம்மலைகளில் தேன் எடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த முதுவர் எவரும் அந்தப் புல்வெளி உச்சிக்குச் சென்றதில்லை என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை. மதுரையிலிருந்து மீனாட்சியின் திருவுருவையும் தம் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியவர்கள் என்று தம் பெயருக்கு விளக்கம் சொல்லும் மக்கள் அவர்கள். சொல்லாய்வாக அது ஐயத்துக்குரியது. சுமந்தவர்கள் என்ற தன்னுணர்வாக அது பெருமைக்குரியது.

கிளிமஞ்சாரோவின் உச்சியை 1889 அக்டோபர் 6 அன்று ஹான்ஸ் மாயரும் லூட்விக் புர்ட்செல்லரும் அடைந்தனர். மாயரின் பயணநூல், உயரத்துக் கூடாரத்தில் குளிரில் காத்திருந்து துணைநின்ற ம்வினி அமானி என்ற கடற்கரைவாசியின் பெயரைக் குறிக்கிறது. நூறு ஆண்டு நிறைவையொட்டி 1989இல், அந்தப் பயணத்தில் வழிகாட்டியாக இருந்தவர் என்று யோகானி லாவோ என்ற சாகா முதியவர் அடையாளம் காணப்பட்டுச் சிறப்பிக்கப்பட்டார். அவர் அந்தப் பயணத்திலேயே இருந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் யாரோ ஒருவர் வழிகாட்டினார், பலர் சுமந்தனர் என்பதில் ஐயமில்லை. ஒரு நூற்றாண்டு கழித்தேனும் ஒரு நாடு அப்பெயரைத் தேடியது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஹாமில்டனோடு சென்றவர்களின் பெயரை அவ்வாறு தேடிய விழா எதுவும் நம்மிடையே நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நான்காவது பதிவு, எல்லை. கென்யா, தான்சானியா எல்லைக்கோடு கடற்கரையிலிருந்து விக்டோரியா ஏரி நோக்கி நேராகச் சென்று, கிளிமஞ்சாரோவின் அருகில் மட்டும் வளைந்து செல்கிறது. விக்டோரியா அரசியார் தம் பேரன் வில்லெமுக்கு அம்மலையைப் பிறந்தநாள் பரிசாகத் தந்தார் என்பது வழங்கிவரும் கதை. உண்மையில் அக்கோடு 1886ஆம் ஆண்டின் ஆங்கிலேய, செருமானிய உடன்பாட்டில் பேரம் பேசி வரையப்பட்டது. அதனால் மலை செருமானியப் பகுதிக்குள் சென்றது. இன்று அது கென்யாவின் உயர்ந்த மலையாக இல்லாமல் தான்சானியாவின் உயர்ந்த மலையாக இருப்பதற்கு அந்தத் தாளே காரணம்.

ஆனைமுடி தேவிகுளம் வட்டத்தில் நிற்கிறது. தமிழர் மிகுந்து வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நேசமணி தலைமையில் போராடியது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்று தொட்டபெட்டா ‘தமிழகத்தின் மிக உயர்ந்த சிகரம்’ ஆயிற்று. கோடு வேறுவிதமாக விழுந்திருந்தால் வழிகாட்டி நூலின் விடையும் மாறியிருக்கும். மலை ஒரு விரற்கடையும் நகரவில்லை.

மலை நகரவில்லை என்று எழுதும்போதே ஒரு நாளை நினைக்காதிருக்க இயலவில்லை. ஆனைமுடியைச் சுற்றிய நிலத்தை 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். அந்த மலைகளுக்குக் கண்ணன் தேவன் என்ற பெயர், முதுவர் தலைவர்களின் பெயரிலிருந்து வந்தது என்பது வழக்கு. தேயிலை பயிரானது. அதைப் பறிக்கத் தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். அவர்களின் பேரர்களும் அவர்தம் மக்களும் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ஆனைமுடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெட்டிமுடியில், பெருமழைக்கிடையே மலைச்சரிவு பெயர்ந்து அந்த லயங்களின்மீது விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழர். சிலருடைய உடல்கள் இறுதிவரை கிடைக்கவில்லை.

அந்த ஊரின் பெயரிலும் ‘முடி’ இருக்கிறது. ஆனைமுடியின் உயரம் நமக்கு மீட்டர் கணக்கில் தெரியும். அதில் ஏறிய படை அதிகாரியின் பெயர் நாளோடு தெரியும். அது நிற்கும் எல்லை வரைபடத்தில் தெரியும். அதன் அருகே ஐந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை. அளவீட்டை நான் பழிக்கவில்லை. லாம்டனின் துல்லியம் வியப்புக்குரியது. முக்கோணக் கணிதம் உண்மையானது. கூலியின் அலட்சியத்தை வென்றதும் அதே கருவிகள்தாம். ஒரு மலையை அங்குலம் பிசகாமல் அளக்க முடிந்த நம் பதிவேட்டுக்கு, அம்மலையைச் சுமந்து வாழ்ந்தவர்களை எழுதிவைக்கும் திறன் இல்லாமற் போனது கருவியின் குறையன்று.

கிளிமஞ்சாரோவிலும் ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. 1912இல் அளந்தறியப்பட்ட அதன் பனிப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேல் ஒரு நூற்றாண்டுக்குள் மறைந்துவிட்டது. இருக்கிறதா இல்லையா என்று ஒரு காலத்தில் லண்டனில் வாதிடப்பட்ட பனி, இருந்தது என்று இனி நூல்களில் மட்டும் படிக்கப்படும் நாள் வரக்கூடும். அப்போதும் அதன் உயரம் 5,895 என்றே வழிகாட்டி நூல்களில் நிற்கும்.

மொழியியல் பயிலும் இளையோர் இங்குப் பலர் வாசிக்கிறீர்கள். மூணாற்றுக்கோ வால்பாறைக்கோ உதகைக்கோ செல்லும்போது, அங்குள்ளோரிடம் முடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். முதுவர் சொல்லும் பெயர், தோடர் சொல்லும் பெயர், தோட்டத் தொழிலாளர் சொல்லும் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். யார் சொன்னார், எந்த ஊர், எந்த நாள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொன்னவர் ஒப்பினால் அவர் பெயரையும் பெயருக்கு அருகிலேயே எழுதுங்கள்.

பொம்மனஹள்ளி, பெங்களூரு